உழவு இயந்திரமும் அதன் மின்பிறப்பாக்கியும்: உருத்திரபுரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் வரண்ட வலய வேளாண்மை வரலாறு பெரும்பாலும் குளங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. குளத்தின் கொள்ளளவு, பாசனம் பெற்ற ஏக்கர், குடியேற்றப்பட்ட குடும்பங்களின் தொகை ஆகியன அரச அறிக்கைகளில் ஒழுங்காகப் பதிவு பெற்றமையால் அவை ஆய்வாளர் கைக்கு எளிதில் எட்டுகின்றன. அக்குளத்து நீரைப் பெற்ற வயலை உழுத கருவியின் வரலாறு அவ்வாறு பதிவு பெறவில்லை. கருவி எப்போது இறக்குமதி செய்யப்பட்டது என்பதையேனும் சுங்கக் கணக்குகளிலிருந்து ஊகிக்கலாம். அது பழுதுற்ற வேளையில் அதனை மீள இயக்கிய அறிவு யாரிடம் இருந்தது, எவ்வாறு கைமாறியது என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

கிளிநொச்சிக்கு மேற்கே அமைந்த உருத்திரபுரம் போன்றதொரு குடியேற்றக் கிராமத்தின் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வாழ்வை விளங்கிக்கொள்ள இவ்வறிவின் வரலாறு இன்றியமையாதது. அதனை நோக்குவதற்கு உழவு இயந்திரத்தின் ஒரு சிறு உறுப்பான மின்பிறப்பாக்கியையும், அதில் தோன்றும் ஒரு குறிப்பிட்ட பழுதான மிகைமின்னேற்றத்தையும் எடுத்துக்கொள்வது பொருத்தமானதாகும். ஏனெனில், பழுது வெளிப்படும் இடமும் அதன் காரணம் ஒளிந்திருக்கும் இடமும் வேறு வேறாக அமைவது இப்பழுதின் இயல்பு. காரணத்தை அறியாது விளைவை மட்டும் மாற்றுபவனை அது மீண்டும் மீண்டும் தண்டிக்கும்.

குளமும் குடியேற்றமும்

கனகராயன் ஆற்றை மறித்து அமைக்கப்பட்ட இரணைமடுக் குளத்தின் பணிகள் 1902ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டு 1920ஆம் ஆண்டளவில் நிறைவெய்தின. பின்னர், சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளிலும், 1950களின் நடுப்பகுதியிலும், 1970களின் பிற்பகுதியிலும் அதன் அணைக்கட்டு படிப்படியாக உயர்த்தப்பட்டது. குளம் உயர உயரப் பாசன நிலமும் விரிந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் முடிக்குரிய காணிகளைக் குடியானவருக்குப் பகிர்ந்தளிக்கும் வழியைத் திறந்தது. அதனையடுத்து, யாழ்ப்பாணக் குடாநாட்டின் சனத்தொகை நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்குடன் 1936ஆம் ஆண்டில் கிளிநொச்சிக் குடியேற்றம் உருவாயிற்று. அக்காலத்தில் இப்பிரதேசம் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984ஆம் ஆண்டிலாகும்.

இக்குடியேற்றத் தொடரில் எழுந்த ஊர்களுள் ஒன்றே உருத்திரபுரம். இங்குள்ள சிவாலயமும் அதன் சுற்றாடலிற் காணப்பட்ட பழைய செங்கற் சிதைவுகளும் நவீன குடியேற்றத்திற்கு மிக முற்பட்ட ஒரு மக்கள் வாழ்வை உணர்த்துவன. எனினும் இன்றைய கிராமத்தின் உருவம் வாய்க்காலால் வகுக்கப்பட்டது. ஊரின் பகுதிகள் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என வாய்க்கால் எண்களாலேயே அறியப்படுவது இதற்குத் தக்க சான்றாகும். குடாநாட்டிலிருந்து வந்தோர் தோட்டச் செய்கையிற் கைதேர்ந்தவர்கள். கிணற்றிலிருந்து நீர் இறைத்துச் சிறு நிலத்திற் செறிவாகப் பயிரிட்டுப் பழகியவர்கள். இங்கு அவர்கள் எதிர்கொண்டதோ பரந்த வயலும், காட்டையடுத்த வாழ்வும், ஆட்பற்றாக்குறையும் ஆகும்.

உழவு இயந்திரத்தின் வருகை

வன்னியில் நெற்செய்கையின் அடிப்படைப் போகம் வடகீழ்ப் பருவமழையை நம்பிய காலபோகமாகும். புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் முதல் மழை விழுமுன் காய்ந்து இறுகிய நிலத்தைப் புழுதிபட உழுது விதைத்துவிடல் வேண்டும். மழை பிந்தின் விதை காத்திருக்கும். உழவு பிந்தினாலோ போகமே கைநழுவும். இறுகிய நிலத்தை மாட்டேரால் உழுவது கடினம். உழவு மாடுகளின் தொகையும் விரிந்துவரும் வயற் பரப்புக்கு ஈடாகவில்லை. எனவே குறுகிய காலத்தில் பெரும் பரப்பை உழும் கருவி ஒன்றின் தேவை, அக்கருவி வருவதற்கு முன்னரே நிலத்தில் உருவாகியிருந்தது எனலாம்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் பிரித்தானியத் தொழிற்சாலைகள் ஏற்றுமதியை நாடி நின்ற காலத்தில் அத்தேவை சந்தையைச் சந்தித்தது. அயர்லாந்தின் டவுண் பகுதியிற் பிறந்த ஹரி பேர்குசன், கலப்பையை இயந்திரத்துடன் மூன்று புள்ளிகளில் இணைத்து நீர்ம அழுத்தத்தால் உயர்த்தித் தாழ்த்தும் முறையை வகுத்தவர். அவரது சிறிய சாம்பல்நிற உழவு இயந்திரம் 1946 முதல் 1956 வரை கொவன்றி நகரில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தி செய்யப்பட்டது. டகனம் தொழிற்சாலையிலிருந்து போட்சன் மேஜர் இயந்திரங்கள் வெளிவந்தன. 1953இல் பேர்குசன் நிறுவனம் கனடாவின் மெசி ஹரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. அவ்விணைப்பின் பெயரைத் தாங்கி வந்த மெசி பேர்குசன் 35, அதனைத் தொடர்ந்து 1960களின் நடுப்பகுதியில் வந்த 135 ஆகிய இரண்டும் இலங்கை வயல்களில் நிலைத்த இடத்தைப் பெற்றன. ஊரவர் வழக்கில் இவை வெறுமனே 'மிசின்' ஆயின. ஒரு தொழிற்கருவி அடைமொழியின்றி இயந்திரம் என்ற பொதுப்பெயரையே தனதாக்கிக் கொண்டமை, அக்கிராமங்களில் அது பெற்ற இடத்தைக் காட்டும்.

மிசினின் வேலை உழவோடு முடியவில்லை. பெட்டியைப் பூட்டி நெற்கதிர்க் கட்டுகளையும் மூடைகளையும் ஏற்றியது. நோயாளியை வைத்தியசாலைக்கும் பெண்வீட்டாரைக் கலியாணத்துக்கும் கொண்டு சென்றது. அருவி வெட்டு முடிந்தபின் சூடு மிதித்தலில் மாட்டின் இடத்தையும் அதுவே பிடித்தது. களத்திற் பரப்பிய கதிரின் மேல் வட்டமாகச் சுற்றி ஓடும் இவ்வேலை பெரும்பாலும் இரவில் நடைபெறுவது. விடியற்காலை உழவும் இரவுச் சூடடிப்பும் ஒளியை வேண்டுவன. காலையில் இயந்திரத்தைத் தொடக்கப் பற்றரி வேண்டும். இவ்விரண்டையும் வழங்குவது இயந்திரத்தின் பக்கத்திற் பட்டியாற் சுழற்றப்படும் சிறு மின்பிறப்பாக்கி. அதனைத் 'தைனமோ' என்பதே வழக்கு.

தைனமோவும் ஒழுங்காக்கியும்

காந்தப்புலத்திற் சுழலும் கம்பிச் சுருளில் மின் தோன்றுவதை மைக்கல் பரடே 1831ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். நிலைக்காந்தத்தை நம்பாது, தானே பிறப்பிக்கும் மின்னால் தன் காந்தப்புலத்தை வலுப்படுத்தும் தைனமோவை 1866, 1867 ஆகிய ஆண்டுகளில் வேர்ணர் சீமென்சும் சாள்ஸ் வீற்ஸ்ரனும் தனித்தனியே உருவாக்கினர். இரும்பில் எஞ்சி நிற்கும் நலிந்த காந்தமே இதன் தொடக்கம். அது சிறிதளவு மின்னைத் தோற்றுவிக்க, அம்மின் காந்தத்தை வளர்க்க, வளர்ந்த காந்தம் மின்னை மேலும் வளர்க்கும். இவ்வமைப்பின் சிறப்பும் ஆபத்தும் இவ்வொரு பண்பிலேயே அடங்கியுள்ளன. தடுப்பார் இல்லையெனின் அது தன் எல்லையைத் தானே மீறும்.

நிலையான வேகத்திற் சுழலும் மின்னிலையத்தில் இது பெருஞ் சிக்கலன்று. உழவு இயந்திரத்திலோ வேகம் கணந்தோறும் மாறும். வரம்பில் மெதுவாக ஏறும் இயந்திரம் தெருவில் விரைந்து ஓடும். மெதுவோட்டத்திற் போதிய மின்னைத் தரும் தைனமோ, விரைவோட்டத்தில் பற்றரியை அழிக்காதிருக்க வேண்டுமானால் அதன் காந்தப்புலம் வேகத்துக்கு எதிராகக் குறைக்கப்படல் வேண்டும். இப்பணியைச் செய்வதே ஒழுங்காக்கி.

மெசி பேர்குசன் 35 முதலிய பிரித்தானிய இயந்திரங்களில் பேர்மிங்காம் நகரின் லூக்காஸ் நிறுவனத்துத் தைனமோவும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பொருத்தப்பட்டன. தைனமோவில் இரு முனைகள் உள. 'டி' எனக் குறிக்கப்படும் பெரிய முனை பிறப்பித்த மின்னை வெளியே தருவது. 'எவ்' எனக் குறிக்கப்படும் சிறிய முனை புலச்சுருளுக்கு மின் செல்லும் வழி; புலச்சுருளின் மறுமுனை தைனமோவின் உடலோடு, அதாவது புவியோடு, இணைந்திருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டியினுள் இரு மின்காந்தங்கள் உள. ஒன்று வெட்டி எனப்படும் தொடுப்பான். தைனமோவின் அழுத்தம் ஏறத்தாழ 13 உவோல்ற்றை எட்டும்போது அது பற்றரியை இணைக்கும். இயந்திரம் நின்றதும் பற்றரி மின் தைனமோவுக்குத் திரும்பி ஓடாதபடி பிரிக்கும். மற்றையது ஒழுங்காக்கி. அழுத்தம் வரையறையை மீறும்போது அதன் தொடுகைகள் திறந்து, புலச்சுருளின் வழியில் ஒரு தடையைப் புகுத்தும். காந்தம் நலியும், அழுத்தம் விழும், தொடுகைகள் மீண்டும் மூடும். இத்திறப்பும் மூடலும் கண்ணுக்குப் புலப்படா விரைவில் அதிர்வாக நிகழ்கின்றன.

ஒழுங்காக்கியின் மெல்லிய சுருள் அழுத்தத்தை உணர்வது. அதன்மேற் சுற்றப்பட்ட தடித்த சுருளின் வழியே பற்றரிக்குச் செல்லும் ஓட்டம் செல்கின்றது. ஓட்டம் மிகும்போது தடித்த சுருளும் காந்தத்துக்குத் துணைசெய்து அழுத்தத்தைச் சற்றுத் தாழ்த்தும். இதனாலேயே பற்றரியைப் பிரித்த நிலையில் ஏறத்தாழ 16 உவோல்ற்று எனக் காட்டும் பெட்டி, மின்னேற்றும் நிலையில் அதனிலும் குறைந்த அழுத்தத்தையே தருகின்றது. வெப்பநிலை உயரும்போது எல்லையைத் தாழ்த்தும் ஈருலோகத் தகடும் அதில் உண்டு. தீப்பெட்டிகள் சிலவற்றின் பருமனே உடைய அப்பெட்டியினுள் இத்துணை நுட்பம் அடங்கியிருந்தது. எனினும் அதன் மூடியைக் கழற்றினால் அனைத்தும் கண்ணுக்குத் தெரிந்தன என்பதே வரலாற்று நோக்கில் முக்கியமானது.

மிகைமின்னேற்றத்தின் அறிகுறிகள்

இப்பழுது முதலிற் பற்றரியிலேயே வெளிப்படும். ஈய-அமிலப் பற்றரியின் ஒவ்வொரு கலமும் 2.4 உவோல்ற்றை அண்மிக்கும்போது நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரியத் தொடங்குகின்றது. ஆறு கலங்கள் கொண்ட பற்றரியில் இது ஏறத்தாழ 14.4 உவோல்ற்று ஆகும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் ஆனையிறவு உப்பின் கரைசலை மின்னாற் பகுத்து எரிசோடாவும் குளோரினும் பெறப்பட்டன. அங்கு வேண்டிச் செய்யப்பட்ட மின்பகுப்பு, இங்கு வேண்டாமலே நிகழ்கின்றது. நீர்மட்டம் தாழ்ந்து தகடுகள் வெளிப்படும். நேர்த்தகட்டின் சட்டம் அரிக்கப்படும். பற்றரியின் மூடியைச் சுற்றி அமில ஈரமும் முனைகளிற் பூத்தலும் காணப்படும். விளக்குக் குமிழ்கள் அடிக்கடி எரிந்துபோகும். அம்பியர்மானியின் முள் மின்னேற்றப் பக்கத்திலேயே உயர்ந்து நிற்கும். வெளியேறும் ஐதரசன் தீப்பற்றி வெடிக்கக்கூடியதாகையால், மண்ணெண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு பற்றரியைப் பார்ப்பது பேராபத்தாகும்.

எனினும் முள் உயர்ந்து நிற்பது யாவும் பழுதன்று. அதிகாலையிற் கடினமாகத் தொடங்கிய இயந்திரம் இழந்த மின்னை ஈடுசெய்யும்போது முள் சிறிது நேரம் உயர்ந்தே நிற்கும். பின்னர் படிப்படியாகத் தாழும். ஒரு மணி நேர வேலையின் பின்னரும் தாழாத முள்ளே ஐயத்துக்குரியது. இவ்வேறுபாட்டை அறியாதவர் நல்ல ஒழுங்காக்கியைத் திருகிக் கெடுப்பர்.

வெப்ப வலயத்துக்குரிய மற்றுமொரு நுட்பமும் ஈண்டு நோக்கற்பாலது. குளிர்நாடுகளில் முழுமையாக மின்னேற்றப்பட்ட பற்றரியின் அமிலத்து ஒப்படர்த்தி 1.270 முதல் 1.290 வரை இருத்தல் வேண்டும் என்றும், வெப்பநிலை வழமையாக 32 பாகை செல்சியசை மீறும் நாடுகளில் 1.210 முதல் 1.230 வரை போதும் என்றும் லூக்காஸ் கைந்நூல்கள் விதித்தன. முதலாவது அளவை வன்னிக்குப் பொருத்தி நோக்குபவர், நிறைந்த பற்றரியைக் குறைந்ததெனக் கருதி மேலும் மின்னேற்ற முனைவர். பிறநாட்டு அளவுகோலை இடமறியாது கையாளுதலின் விளைவுக்கு இது சிறியதாயினும் தெளிவான உதாரணமாகும்.

பழுதறியும் ஒழுங்கு

மிகைமின்னேற்றத்துக்குரிய காரணங்கள் நான்கு இடங்களில் இருக்கலாம். அவை பற்றரி, புவித்தொடுப்பு, கம்பியிணைப்பும் தைனமோவும், ஒழுங்காக்கி என்பனவாகும். செலவும் சேதமும் குறைந்ததிலிருந்து தொடங்கிச் செல்வதே தேர்ந்த திருத்துநரின் முறை.

முதலாவது பற்றரி. கலங்களை ஒவ்வொன்றாக நீரடர்த்திமானியால் அளக்கும்போது ஐந்து கலங்கள் ஒத்திருக்க ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருப்பின், அக்கலம் உள்ளே குறுக்கிணைந்துள்ளது. பன்னிரண்டு உவோல்ற்றுப் பற்றரி பத்து உவோல்ற்றுப் பற்றரி போல் நடந்துகொள்ள, தைனமோ ஓயாது ஓட்டத்தை வழங்கும். இங்கு தைனமோவிலும் ஒழுங்காக்கியிலும் குற்றமில்லை.

இரண்டாவது புவித்தொடுப்பு. ஒழுங்காக்கியின் மெல்லிய சுருள் அழுத்தத்தை உணர வேண்டுமாயின் அதன் ஒரு முனை இயந்திர உடலோடு செவ்வனே இணைந்திருத்தல் வேண்டும். சேறும் நீரும் துருவும் அவ்விணைப்பை நலிவித்தால், உண்மையான அழுத்தத்திலும் குறைந்ததையே சுருள் உணரும். குறைவென அறிந்த ஒழுங்காக்கி புலத்தைத் தளர்த்தாது. அழுத்தம் மேலும் ஏறும். நெல்வயலில் உழலும் இயந்திரத்துக்கு இது எளிதில் நேரக்கூடியது. ஒரு திருகாணியைக் கழற்றித் துருவைச் சுரண்டி மீளப் பூட்டுவதே இதற்குப் பரிகாரம். புதிய ஒழுங்காக்கியின் விலையும் ஒரு திருகாணியின் துருவும் இங்கு எதிரெதிரே நிற்கின்றன.

மூன்றாவது, மிகத் தெளிவான பரிசோதனை. இயந்திரம் நடுத்தர வேகத்தில் ஓடும்போது கட்டுப்பாட்டுப் பெட்டியின் 'எவ்' முனைக் கம்பியைக் கழற்றுதல் வேண்டும். புலச்சுருளுக்கு மின் செல்லும் வழி அறுந்தமையால் மின்னேற்றம் நின்றுவிட வேண்டும். நின்றுவிட்டால் தைனமோவும் கம்பிகளும் குற்றமற்றன. பழுது ஒழுங்காக்கியிலேயே உள்ளது. நில்லாது தொடர்ந்தால், 'டி' கம்பியின் மின் எங்கோ ஓரிடத்தில் 'எவ்' வழிக்குள் ஒழுங்காக்கியைத் தாண்டிப் புகுகின்றது. அடுத்துத் தைனமோவின் முனையிலேயே அக்கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இப்போது நின்றால், உரசித் தோலுரிந்த இரு கம்பிகள் இடைவழியில் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அப்போதும் நில்லாவிடின் குறுக்கிணைப்பு தைனமோவின் உள்ளேயே இருக்கின்றது. ஒரேயொரு கம்பியை இரு இடங்களிற் கழற்றுவதால் மூன்று சாத்தியங்கள் பிரித்தறியப்படுவது நோக்கத்தக்கது. அமெரிக்க இயந்திரங்கள் பலவற்றிற் புலச்சுருள் தைனமோவினுள்ளேயே மின்னைப் பெற்று ஒழுங்காக்கி வழியாகப் புவியை அடையும். ஆதலின், அவ்வகையில் 'எவ்' கம்பி உடலிற் பட்டாலே மிகைமின்னேற்றம் விளையும். இரு மரபுகளையும் குழப்பிக்கொண்டோர் நல்ல தைனமோக்களையும் கெடுத்துள்ளனர்.

நான்காவது ஒழுங்காக்கி. பற்றரிக்குச் செல்லும் வழியைப் பிரித்து, 'டி' முனைக்கும் புவிக்கும் இடையில் உவோல்ற்றுமானியை இணைத்து வேகத்தை மெல்ல உயர்த்தும்போது, அளவு ஏறத்தாழ 16 உவோல்ற்றில் நிலைகொள்ள வேண்டும். நிலைகொள்ளாது ஏறுமாயின் தொடுகைகள் உருகி ஒட்டியிருக்கலாம். மெல்லிய சுருள் அறுந்திருக்கலாம். அல்லது முன்னர் யாரோ திருகாணியை முறுக்கியிருக்கலாம். தொடுகைகளை மென்மையான தீட்டுக்கல்லால் துலக்கிய பின்னரே திருகாணியிற் கைவைத்தல் வேண்டும். அச்செப்பமிடலும் அரை நிமிடத்தில் முடிதல் வேண்டும். சுருள் சூடேறின் அளவு பொய்க்கும்.

இவ்வொழுங்கைச் சட்டக வடிவில் எழுதி வைத்தவை நிறுவனக் கைந்நூல்கள். அவை ஆங்கிலத்தில் இருந்தன. கிராமத்தில் அவ்வறிவு பெரும்பாலும் கையிலிருந்து கைக்கும் கண்ணிலிருந்து கண்ணுக்கும் சென்றது. பயிலுநன் ஒருவன் 'எவ்' என்ற ஆங்கில எழுத்தின் பொருளை அறியாமலே சிறிய முனையைச் சிறிய முனையென அறிந்து, அதனைக் கழற்றி முள்ளைப் பார்க்கக் கற்றான். அவ்வறிவில் விஞ்ஞானக் கோட்பாட்டின் மொழி இல்லாதிருக்கலாம். காரணகாரியத் தொடர்பு முழுமையாக இருந்தது.

தட்டுப்பாட்டுக் காலங்கள்

இத்தகைய அறிவின் பெறுமதி எல்லாக் காலத்திலும் ஒரே அளவினதன்று. 1970ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியின் பின்னணியில் இறக்குமதியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றம் அந்நெருக்கடியை முற்றுவித்தது. மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதித் தடையால் வடபகுதி விவசாயிகள் நல்ல விலையைக் கண்டனர். அதே கொள்கையின் மறுபக்கமாக இயந்திரங்களும் உதிரிப்பாகங்களும் அரிதாயின. விளைபொருளுக்குச் சந்தை இருந்தது. விளைவிக்கும் கருவிக்குப் பாகம் இல்லை. இம்முரண்பாட்டின் நடுவே பழைய தைனமோவின் ஆமேச்சரை மீளச் சுற்றுதல், தேய்ந்த கரித்துண்டை மாற்றுதல், தொடுகைகளைத் தீட்டுதல் ஆகிய கைத்தொழில்கள் பெறுமதி பெற்றன. 1977இன் பின் திறந்துவிடப்பட்ட பொருளாதாரம் புதிய இயந்திரங்களையும் இருசில்லு உழவு இயந்திரங்களையும் பெருமளவில் கொணர்ந்தது. மாற்றுவது எளிதானபோது திருத்துவதன் மதிப்புத் தாழ்ந்தது இயல்பே.

அந்நிலை நீடிக்கவில்லை. 1990ஆம் ஆண்டில் மீண்டும் மூண்ட போருடன் வன்னியின்மேல் பொருளாதாரத் தடை இறுகியது. எரிபொருள், பற்றரி, பசளை முதலியன தடைக்கோ கடுங் கட்டுப்பாட்டுக்கோ உள்ளாயின. 1970களின் தட்டுப்பாடு விலையாலும் அனுமதிப்பத்திரத்தாலும் ஆனது. 1990களினதோ சோதனைச் சாவடியால் ஆனது. கெட்ட பற்றரிக்கு மாற்று என்பது எண்ணிப்பார்க்கவும் அரிதாயிருந்த அச்சூழலில், மிகைமின்னேற்றத்தை உரிய வேளையில் உணர்ந்து 'எவ்' கம்பியைக் கழற்றிவிட்டுப் பகல் வேலையைத் தொடரத் தெரிந்திருத்தல் ஒரு குடும்பத்தின் போகத்தையே காக்கவல்லதாகும். டீசல் இயந்திரம் தொடங்கியபின் ஓடுவதற்கு மின்னை நாடுவதில்லை. ஆதலால் தைனமோவை உறங்கவைத்துப் பற்றரியைக் காப்பது தொழில்நுட்ப நோக்கிலும் முறையான தற்காலிகப் பரிகாரமே.

இடப்பெயர்வும் மீள்வருகையும்

1995ஆம் ஆண்டு ஐப்பசியில் யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்த பெருந்தொகை மக்கள் வன்னியை அடைந்தனர். அடுத்த ஆண்டு கிளிநொச்சியே போர்க்களமாகி, அப்பகுதி மக்களும் பெயர நேர்ந்தது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தம் சிறிது மூச்சுவிட இடந்தந்தது. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மக்கள் மீண்டும் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். 2009ஆம் ஆண்டு தை 2ஆம் நாள் கிளிநொச்சி நகர் அரச படைகளிடம் வீழ்ந்தது. அவ்விடப்பெயர்வில் உழவு இயந்திரம் வீடாக மாறியது. பெட்டியில் கூரைத்தகடு, நெல்மூடை, பாத்திரம், முதியோர், குழந்தைகள் என ஏற்றி, பரந்தன்-முல்லைத்தீவு வீதிவழியே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மக்கள் நகர்ந்தனர். காலையில் இயந்திரம் தொடங்குமா என்பது அந்நாட்களில் வயலைப் பற்றிய வினாவாக இருக்கவில்லை. உயிரைப் பற்றிய வினாவாக இருந்தது. இறுதியில் முள்ளிவாய்க்காற் பகுதியில் எண்ணற்ற வாகனங்கள் கைவிடப்பட்டன. கருவிகள் மட்டுமன்றி அவற்றை அறிந்த கைகள் பலவும் அங்கு இழக்கப்பட்டன. முன்னையவற்றுக்கு ஓரளவேனும் கணக்குண்டு. பின்னையவற்றின் அறிவுக்குக் கணக்கில்லை.

மீள்குடியேற்றத்தின் பின் இந்திய அரசாங்கம் வட மாகாணத்துக்கு 500 உழவு இயந்திரங்களை வழங்கியது. தனியார் குத்தகைக் கடன்கள் வழியாகவும் புதிய இயந்திரங்கள் வந்தன. இவற்றில் தைனமோ இல்லை. மாறுதிசை மின்னைப் பிறப்பித்து இருவாயிகளால் நேர்திசையாக்கும் ஆடலாக்கி உள்ளது. 1960களிலிருந்து வாகன உலகெங்கும் தைனமோவின் இடத்தைப் பிடித்த இக்கருவி, மெதுவோட்டத்திலும் மின்னேற்ற வல்லது. களத்தில் வட்டமிடும் இயந்திரத்துக்கு அது உண்மையான நன்மை. ஆனால் அதன் ஒழுங்காக்கி பிசினுள் அடைபட்ட சில்லாகும். கெட்டால் திறந்து பார்க்க இயலாது, மாற்றவே இயலும். பழைய இயந்திரங்களுக்கும் ஆடலாக்கியைப் பொருத்துவோர் உளர். அவ்வாறு செய்கையில், பழையன பெரும்பாலும் நேர்முனையைப் புவியாகக் கொண்டவை என்பதையும் புதியன எதிர்முனையைப் புவியாகக் கொண்டவை என்பதையும் மறந்தால் இருவாயிகள் கணத்தில் எரிந்துவிடும். பழைய அறிவின்றிப் புதிய கருவியையும் பாதுகாப்பாகப் பொருத்த முடியாதென்பதை இது உணர்த்துகின்றது.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால் மூன்று விடயங்கள் பெறப்படும். முதலாவதாக, வன்னியில் இயந்திரமயமாக்கம் வெளியிலிருந்து வந்து இறங்கிய நிகழ்ச்சி மட்டுமன்று. பருவமழையின் குறுகிய இடைவெளியும் ஆட்பற்றாக்குறையும் அதனை வேண்டி நின்றன. இரண்டாவதாக, இயந்திரம் விவசாயியை மாட்டிலிருந்து விடுவித்த அதேவேளை, பற்றரிக்கும் பாகத்துக்கும் எரிபொருளுக்கும் கட்டுப்படுத்தியது. அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தக்கூடியதாக அவனிடம் இருந்தது திருத்தும் அறிவு ஒன்றே. மூன்றாவதாக, அவ்வறிவு தட்டுப்பாட்டில் வளர்ந்து தாராளத்தில் தேய்ந்தது. ஆகையால் அது தானாகவே நிலைத்திருக்கும் என எதிர்பார்ப்பது தவறாகும்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயபீடமும் பொறியியற்பீடமும் இயங்குகின்றன. உருத்திரபுரத்தின் வயல்கள் அவற்றிலிருந்து தொலைவில் இல்லை. வன்னியின் முதிய திருத்துநர்களின் அறிவு, அவர்கள் வழங்கும் கலைச்சொற்களோடும் பழுதறியும் ஒழுங்கோடும் ஒலிப்பதிவாகவும் எழுத்தாகவும் சேகரிக்கப்படுமானால், அது பொறியியலுக்கு மட்டுமன்றி வரலாற்றுத்துறைக்கும் மொழிக்கும் பயனுடைய மூலாதாரமாகும். கலைப்பீட மாணவர் செய்யத்தக்க பணியும் இதில் உண்டு. குளத்தின் கொள்ளளவு அறிக்கையில் இருக்கும். அது நாளையும் கிடைக்கும். துருவேறிய திருகாணியொன்றைச் சுரண்டி ஒரு போகத்தைக் காத்தவரின் அறிவோ அவருடனேயே வாழ்வது. அதனைக் கேட்டறியக் கிடைக்கும் காலம் மிகச் சுருங்கியது.